தோசைக்கல் எந்தப் பக்கம்? தின் கிளையண்டில் ஒலி இயங்கும் விதம்

ஊரில் பேர்பெற்ற ஓட்டல் ஒன்றுக்குப் பத்துக் கிளைகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். சாம்பார், ரசம், கூட்டு, பொரியல் எல்லாம் ஒரே சென்ட்ரல் கிச்சனில் தயாராகி, வேனில் ஏறி ஒவ்வொரு கிளைக்கும் போய்ச் சேரும். கிளையில் மேசை உண்டு, இலை உண்டு, சப்ளையர் உண்டு. சரக்கு மாஸ்டர் கிடையாது. சாப்பிட வருகிறவருக்கு அந்த விவரம் தேவையும் இல்லை. சூடு ஆறாமல் இலைக்கு வந்தால் போதும்.

தின் கிளையண்ட் அப்படிப்பட்ட ஒரு கிளை. மேசைமேல் இருக்கும் சின்னப் பெட்டி திரையையும் கீபோர்டையும் மவுசையும் மட்டும் பார்த்துக்கொள்கிறது. வேர்ட், எக்செல், பிரவுசர், வாடிக்கையாளரோடு பேசும் மென்பொருள் எல்லாம் எங்கோ ஒரு சர்வரில் ஓடுகின்றன. வங்கி, மருத்துவமனைப் பதிவு மேசை, கல்லூரி லேப், கால் சென்டர் என்று ஒரே மாதிரி மேசைகள் பல இருக்கும் இடங்களில் இதை விரும்பி வைக்கிறார்கள். பெட்டி பழுதானால் வேறொன்றை மாட்டினால் போதும். வேலை எதுவும் தொலையாது.

திரைப் படம் கொஞ்சம் தாமதமாக வந்தாலும் கண் பொறுத்துக்கொள்ளும். காது பொறுக்காது. பேச்சின் நடுவே விநாடியில் ஐம்பதில் ஒரு பங்கு விடுபட்டால்கூட 'டிக்' என்று கேட்கும். அதனால்தான் தின் கிளையண்ட் போட்ட அலுவலகங்களில் ஒலி பற்றிய புகார்கள் ஓயாமல் வருகின்றன. உடனே விலை கூடிய ஹெட்செட்டைத் தேடிப் போகிறார்கள். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: உங்கள் ஒலி எந்தப் பக்கத்தில் சமைக்கப்படுகிறது? அது தெரியாமல் வாங்கும் எந்தக் கருவியும் குருட்டு அதிர்ஷ்டத்தில்தான் சரியாக அமையும்.

வேனில் வரும் ஒலி

சர்வர் அறையில் இருக்கும் இயந்திரத்தில் பெரும்பாலும் சவுண்ட் கார்டே இருக்காது. ஆனாலும் விண்டோஸ் செஷனுக்குள் போய் ஒலி அமைப்பைத் திறந்தால் 'ரிமோட் ஆடியோ' என்று ஒரு கருவி நிற்கும். அது மென்பொருளால் ஆனது. சென்ட்ரல் கிச்சனில் வேனுக்குச் சாப்பாடு ஏற்றுகிற மேடை அது. சர்வரில் ஓடும் பிரவுசர் ஒலியை அதில் கொண்டுவந்து வைக்கிறது. அங்கிருந்து நெட்வொர்க் வழியாக உங்கள் பெட்டிக்கு வருகிறது. பெட்டியில் உள்ள சிறு மென்பொருள் அதை வாங்கி உண்மையான ஸ்பீக்கருக்குப் பரிமாறுகிறது.

மைக்ரோசாஃப்டின் ரிமோட் டெஸ்க்டாப் (ஆர்டிபி) முறையில் இந்த வசதி 2001-இல் விண்டோஸ் எக்ஸ்பியோடு வந்தது. அப்போது அது ஒருவழிப் பாதை. சர்வரிலிருந்து ஒலி வரும். இங்கிருந்து பேச்சு போகாது. மைக்கில் பேசுவதை எதிர்த்திசையில் அனுப்பும் வசதி 2009-இல் விண்டோஸ் 7-உடன்தான் சேர்ந்தது. அந்தப் பிரிவு இன்றும் தொடர்கிறது. ரிமோட் டெஸ்க்டாப் இணைப்புக்கான சாளரத்தில், ஒலியை இந்தக் கணினியில் கேட்கச் செய் என்பது முன்கூட்டியே தேர்வாகியிருக்கும். அதற்குக் கீழேயே, இங்கிருந்து பதிவு செய்யாதே என்பதும் தேர்வாகியிருக்கும். விளைவு, பாட்டு நன்றாகக் கேட்கிறது, பேசினால் மறுமுனைக்கு ஒன்றும் போவதில்லை. மைக் கெட்டுவிட்டது என்று நல்ல ஹெட்செட்டைக் கடைக்குத் திருப்பி அனுப்புகிறார்கள். அந்தத் தேர்வை மாற்றி, சர்வர் பக்கத்துக் கொள்கையிலும் பதிவுக்கு அனுமதி இருக்கிறதா என்று பார்த்தால் பாதிப் புகார்கள் அங்கேயே முடிந்துவிடும்.

வேனில் எவ்வளவு ஏற்றுகிறோம் என்பது அடுத்த கணக்கு. சிடி தரத்தில் ஒலியைச் சுருக்காமல் அனுப்பினால் விநாடிக்கு 44,100 மாதிரிகள், ஒவ்வொன்றும் 16 பிட், இடம் வலம் என இரண்டு தடங்கள். ஆக 14,11,200 பிட், சுமார் 1.4 மெகாபிட். லினக்ஸில் தின் கிளையண்ட் லேப் அமைக்க 1999-இல் தொடங்கப்பட்ட எல்டிஎஸ்பி திட்டத்தைப் பள்ளிகளில் கையாண்டவர்களுக்கு இந்த எண் பழக்கமானது. அங்கே பல்ஸ்ஆடியோ என்ற மென்பொருள் ஒலியைச் சுருக்காமலே நெட்வொர்க்கில் விடும். 30 மாணவர்கள் ஒரே நேரத்தில் பாடம் கேட்டால் 42 மெகாபிட். பழைய 100 மெகாபிட் இணைப்பில் கிட்டத்தட்ட பாதி ஒலிக்கே போய்விடும்.

ரசத்தை ரசமாகவே கேன் கேனாக ஏற்றுவதற்குச் சமம் இது. சுமப்பதில் பெரும்பகுதி தண்ணீர். புளியோதரைக்கு அப்படிச் செய்வதில்லை; புளிக்காய்ச்சலை மட்டும் அனுப்பி, சோற்றில் கிளறுவதைக் கிளையில் வைத்துக்கொள்கிறார்கள். கோடெக் செய்வது இந்த வேலையைத்தான். 2012-இல் தரமாக்கப்பட்ட ஓபஸ் கோடெக் 6 கிலோபிட் முதல் 510 கிலோபிட் வரை எந்த அளவிலும் இயங்கும். மனிதப் பேச்சுக்கு 32 கிலோபிட் தாராளம். 20 மில்லிவிநாடிக்கு ஒரு பொட்டலம் என்று அனுப்பினால், பொட்டலத்தின் மேலுறைக்கு இன்னொரு 16 கிலோபிட். 40 பேர் ஒரே நேரத்தில் பேசினாலும் ஒரு திசையில் ஏறக்குறைய 2 மெகாபிட்தான்.

இதில் ஹெட்செட் வாங்குகிறவருக்கு ஒரு பாடம் இருக்கிறது. புளிக்காய்ச்சலாக வரும் பேச்சுக்கு 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், 7.1 சரவுண்ட் என்று அட்டைப்பெட்டியில் அச்சடித்திருப்பவை எதுவும் உதவாது. அந்த நுணுக்கம் பாதையிலேயே இல்லை. உதவுவது மைக்கின் தரம். பழைய தொலைபேசி முறையில் விநாடிக்கு 8,000 மாதிரிகள்தான். 4 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் எதுவும் போகாது. 'ஸ', 'ஃப' போன்ற ஒலிகளைப் பிரித்துக் காட்டும் ஆற்றலில் பெரும்பகுதி அதற்கு மேல்தான் இருக்கிறது. வாடிக்கையாளர் பெயரை மூன்று தடவை எழுத்துக்கூட்டிக் கேட்க நேர்வது இதனால்தான். குறைந்தது 16,000 மாதிரி எடுக்கும் மைக்கும் அதைக் கெடுக்காத பாதையும் வேண்டும்.

வேன் நேரத்துக்கு வராத நாளும் உண்டு. அதற்காகக் கிளையில் கொஞ்சம் இட்லியை முன்கூட்டியே எடுத்து வைத்திருப்பார்கள். இருப்பு குறைவாக இருந்தால் வேன் ஐந்து நிமிடம் தாமதித்தாலே இலை காலியாகும். இருப்பு அதிகமாக இருந்தால் சாப்பிடுகிறவருக்கு ஆறிய இட்லிதான். தின் கிளையண்டில் இதற்கு ஜிட்டர் பஃபர் என்று பெயர். 40 மில்லிவிநாடி இருப்பு வைத்தால் பேச்சில் அத்தனை தாமதமும் கூடவே வரும். வழியில் ஒரு தட்டு இட்லி கொட்டிவிட்டால் என்ன செய்வது என்பதும் கேள்விதான். டிசிபி முறையில் வேன் திரும்பிப் போய் அதே தட்டை எடுத்து வரும்; பின்னால் வந்த எல்லாமும் காத்து நிற்கும். யூடிபி முறையில் கொட்டியது போகட்டும் என்று அடுத்த தட்டு வரும். கோப்பு அனுப்ப முதலாவது நல்லது. பேச்சுக்கு இரண்டாவதுதான் வேண்டும். ஆர்டிபியில் யூடிபி வழி 2012-இல்தான் திறந்தது. இன்றும் பல அலுவலக ஃபயர்வால்களில் அது அடைபட்டுக் கிடக்கிறது; ஒலி விட்டுவிட்டு வருகிறது; பழி ஹெட்செட்டின் மேல் விழுகிறது.

இப்படி ஒவ்வோர் இடத்திலும் சேரும் தாமதத்துக்கு உச்சவரம்பு இருக்கிறது. ஒருவர் வாயிலிருந்து மற்றவர் காதுக்கு 150 மில்லிவிநாடிக்குள் போய்ச் சேர்ந்தால் உரையாடல் இயல்பாக இருக்கும் என்று சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஜி.114 பரிந்துரை சொல்கிறது. அதற்கு மேல் போகப் போக, இருவரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்குவார்கள், இருவரும் ஒரே நேரத்தில் நிறுத்துவார்கள்.

கரண்டி இங்கே, கை அங்கே

யூஎஸ்பி ஹெட்செட்டை மாட்டியதும் பல நிர்வாகிகள் செய்யும் வேலை ஒன்று, இருப்பதிலேயே மோசமான வழி. பெட்டியின் அமைப்பில் 'யூஎஸ்பி ரீடைரக்ஷன்' என்று ஒரு வசதி இருக்கும். அதை இயக்கினால் ஹெட்செட்டை அப்படியே கழற்றிச் சர்வரில் மாட்டியதுபோல் ஆகிவிடும். சர்வரில் ஹெட்செட்டின் முழுப் பெயரும் தெரியும். எல்லாம் சரியாக இருப்பதாகத் தோன்றும்.

ஆனால் நடப்பது வேறு. யூஎஸ்பியில் ஒலிக்கென்று தனிப் போக்குவரத்து முறை இருக்கிறது. சாதாரண வேகத்தில் ஒரு மில்லிவிநாடிக்கு ஒரு முறை, தவறாமல், ஒரு சிறு பொட்டலம். தவறினால் மறுமுறை அனுப்புவது அதில் கிடையாது. மேசைமேல் ஒரு மீட்டர் கம்பிக்காக வகுத்த முறை அது. யூஎஸ்பி ரீடைரக்ஷன் இந்த ஒழுங்கைப் பல நூறு கிலோமீட்டருக்கு இழுக்கப் பார்க்கிறது. கிளையில் இருக்கும் கரண்டியைச் சென்ட்ரல் கிச்சனில் இருந்தபடியே சரக்கு மாஸ்டர் பிடித்துச் சாம்பார் ஊற்ற முயல்வதுதான் இது. ஒவ்வோர் அசைவுக்கும் அங்கிருந்து ஆணை வர வேண்டும். ஒலி சுருக்கப்படுவதும் இல்லை. புளிக்காய்ச்சல் வசதியும் போயிற்று. ஒரே கட்டடத்துக்குள் சர்வர் இருந்தால் ஓரளவு ஓடும். வெளியூர் சர்வரில் கரகரக்கும்.

ஆகவே, ஹெட்செட்டைப் பெட்டியின் இயங்குதளமே கையாளட்டும். ஒலி மட்டும் ஆடியோ வழியில் போகட்டும். பார்கோடு ஸ்கேனர், கையெழுத்துப் பலகை போன்றவற்றுக்கு யூஎஸ்பி ரீடைரக்ஷன் இருக்கட்டும். ஒலிக்கருவியை அந்தப் பட்டியலிலிருந்து நீக்கிவிடுங்கள்.

தோசையைக் கிளையிலேயே வார்ப்பது

எவ்வளவு நல்ல வேன் இருந்தாலும் தோசையை வேனில் அனுப்ப முடியாது. முறுகல் போய்விடும். அதனால் ஓட்டல்காரர்கள் மாவைச் சென்ட்ரல் கிச்சனில் ஆட்டி அனுப்பிவிட்டு, கிளையில் ஒரே ஒரு தோசைக்கல்லைப் போட்டு வைக்கிறார்கள்.

டீம்ஸ், ஜூம், சிஸ்கோவின் ஜாபர் போன்ற அழைப்பு மென்பொருள்கள் இப்போது தின் கிளையண்டில் இப்படித்தான் இயங்குகின்றன. மென்பொருளின் சாளரம், தொடர்புப் பட்டியல், யாரை அழைப்பது என்ற செய்தி எல்லாம் சர்வரில் இருக்கும். குரலும் முகமும் மட்டும் பெட்டியிலேயே பிடிக்கப்பட்டு, பெட்டியிலேயே சுருக்கப்பட்டு, சர்வரைத் தொடாமல் மறுமுனைக்கு நேராகப் போகும். இதற்கென்று பெட்டியில் ஒரு சிறு துணை மென்பொருள் வேண்டும். அது இல்லாவிட்டால் உங்கள் குரல் முதலில் சர்வருக்குப் போய், அங்கே பிரிக்கப்பட்டு, மறுபடி சுருக்கப்பட்டு, அழைப்பு நிறுவனத்தின் மையத்துக்குப் போகும். பதில் குரலும் அதே சுற்றில் வரும். பக்கத்து மேசைக்காரரோடு பேசினாலும் இதே சுற்றுதான்.

தோசைக்கல் கிளையில் இருந்தால் இன்னொரு பெரிய நன்மை, எதிரொலி நீக்கம். ஸ்பீக்கரில் வரும் குரல் மைக்கில் மறுபடி விழுந்து, பேசியவருக்கே திரும்பிப் போவதைத் தடுக்கும் கணக்கு அது. ஸ்பீக்கருக்கு என்ன அனுப்பினோம், அது எத்தனை மில்லிவிநாடி கழித்து மைக்கில் விழுகிறது என்பது அந்தக் கணக்குக்குத் துல்லியமாகத் தெரிந்தாக வேண்டும். பெட்டியிலேயே செய்தால் அந்த இடைவெளி மாறாதது. சர்வரில் செய்தால் நடுவில் நெட்வொர்க் இருக்கிறது, இடைவெளி ஒவ்வொரு நொடியும் மாறும், கணக்கு தப்பும். இந்த ஓர் உண்மையைப் புரிந்துகொண்டால் கருவித் தேர்வில் பாதி முடிந்துவிடும். ஒலி வேனில் வரும் அமைப்பானால் மேசையில் திறந்த ஸ்பீக்கரும் தனி மைக்கும் வைக்கவே கூடாது. காதை மூடும் ஹெட்செட், அல்லது எதிரொலி நீக்கத்தைத் தனக்குள்ளேயே செய்துகொள்ளும் கூட்ட அறை ஸ்பீக்கர்போன், இரண்டில் ஒன்று.

இந்தத் தோசைக்கல் வசதியை நம்பிப் பெட்டி வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டியது இயங்குதளம். விண்டோஸ் பெட்டிக்கு வந்த துணை மென்பொருள் லினக்ஸ் பெட்டிக்கு வந்திருக்க வேண்டும் என்பதில்லை; வந்தாலும் எல்லா அம்சங்களோடும் வருவதில்லை. தோசைக்கல்லைச் சூடாக்கக் கிளையில் அடுப்பும் வேண்டும். குரலையும் முகத்தையும் அங்கேயே சுருக்குவதால் பெட்டியின் பிராசஸருக்கு வேலை கூடும். ஒலிக்காக மட்டும் என்றால் சின்னப் பிராசஸர் சமாளிக்கும். வீடியோ அழைப்பு என்றால் அதைச் சுருக்கும் வன்பொருள் வசதி உள்ள பெட்டி தேவை.

கடையில் என்ன கேட்பது

கம்பியுள்ள யூஎஸ்பி ஹெட்செட். என் தீர்ப்பு அதுதான். காரணங்களைச் சொல்கிறேன்.

பெட்டியில் இருக்கும் 3.5 மி.மீ. துளை வழியாகப் போனால், டிஜிட்டலை ஒலியாக மாற்றும் வேலை பெட்டிக்குள், பவர் சுற்றுக்குப் பக்கத்திலேயே நடக்கிறது. சில பெட்டிகளில் மவுசை நகர்த்தும்போதே காதில் மெல்லிய கீச்சொலி கேட்கும். யூஎஸ்பி ஹெட்செட்டில் அந்த மாற்றம் ஹெட்செட்டின் கம்பியிலுள்ள சின்னப் பெட்டியில் நடப்பதால் இந்தத் தொல்லை இல்லை. துளையிலும் குழப்பம் உண்டு. பழைய பெட்டிகளில் பச்சை, இளஞ்சிவப்பு என்று இரண்டு துளைகள். புதியவற்றில் இரண்டுக்கும் ஒன்று. மொபைல் ஹெட்செட்டின் முனை நான்கு பகுதிகளாகப் பிரிந்திருக்கும்; அதில் மைக்கும் தரைக்கம்பியும் எந்த இடத்தில் என்பதில் சிடிஐஏ, ஓஎம்டிபி என்று நேர்மாறான இரண்டு முறைகள். மாறிப்போனால் மைக் வேலை செய்யாது.

யூஎஸ்பியிலும் எதையாவது வாங்கிவிட முடியாது. தின் கிளையண்டின் இயங்குதளம் பூட்டப்பட்டது. ஹெட்செட்டோடு வரும் டிரைவரையோ செயலியையோ அதில் ஏற்ற முடியாது. ஆகவே பொது யூஎஸ்பி ஆடியோ வகுப்புக்கு உட்பட்ட கருவியாக, எந்த மென்பொருளும் ஏற்றாமல் மாட்டியதும் பேசுவதாக இருக்க வேண்டும். 1998-இல் வந்த முதல் வகுப்பே பேச்சுக்குப் போதும். பழைய பெட்டிகளுக்கு அதுவே பாதுகாப்பும்கூட. இரண்டாம் வகுப்புக்கான டிரைவரை விண்டோஸே தன்னோடு தர ஆரம்பித்தது 2017-இல்தான். விளையாட்டுக்கான ஹெட்செட்கள் தங்கள் செயலியை நம்பியே இருப்பதால் அவை இங்கே வீண்செலவு.

பொத்தான்களைப் பற்றி விற்பனையாளர் சொல்வதை அப்படியே ஏற்காதீர்கள். ஆடியோ வழியில் போவது ஒலி மட்டும். ஹெட்செட்டிலுள்ள அழைப்பை எடு, வை, மைக்கை மூடு என்ற பொத்தான்கள் தனிச் செய்தியாகப் போகின்றன. அழைப்பு மென்பொருளுக்காகப் பெட்டியில் போட்ட துணை மென்பொருள் அதைப் புரிந்துகொண்டால்தான் வேலை செய்யும். ஹெட்செட்டில் மைக்கை மூடினால் திரையில் திறந்திருப்பதாகக் காட்டும் அமைப்புகள் இருக்கின்றன. நாள் முழுக்க வாடிக்கையாளரோடு பேசுகிறவருக்கு இது பெரிய துன்பம்.

கால் சென்டர் என்றால் சைடுடோன் உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். தன் குரலே தன் காதில் மெல்லக் கேட்பது அது. இல்லாவிட்டால் தன் குரல் தனக்குக் கேட்காமல் ஆட்கள் கத்தத் தொடங்குவார்கள்; மாலைக்குள் தொண்டை கட்டிவிடும். அதை ஹெட்செட்டே தனக்குள் உருவாக்க வேண்டும். சர்வர் வரை போய்த் திரும்பி வந்தால் அது எதிரொலி. இரைச்சல் நீக்கம் என்று எழுதியிருந்தால் எது என்று கேளுங்கள். காதுக்கு வரும் இரைச்சலைக் குறைப்பது வேறு, மைக்கில் பக்கத்து மேசைச் சத்தம் விழாமல் தடுப்பது வேறு. வாடிக்கையாளருக்கு வேண்டியது இரண்டாவது. ஷிப்டு மாறும் இடங்களில், நடுவில் கழற்றக்கூடிய க்யூடி இணைப்பு உள்ளதை வாங்கினால் யூஎஸ்பி பாதி மேசையிலேயே இருக்கும், தலையில் மாட்டும் பாதியை அவரவர் வைத்துக்கொள்ளலாம். அது சுகாதாரத்துக்கும் நல்லது, செலவுக்கும் நல்லது.

புளூடூத் ஹெட்செட்டை நான் பரிந்துரைப்பதில்லை. பாட்டுக் கேட்கும் நிலையில் அதற்கு மைக் கிடையாது. மைக் திறந்ததும் பேச்சு நிலைக்கு மாறி, ஒலித்தரம் சட்டென்று இறங்கும். தாமதமும் கூடும். ஐம்பது பேர் ஒரே தளத்தில் 2.4 கிகாஹெர்ட்ஸில் பேசினால் ஒன்றையொன்று இடிக்கும். நடமாட்டம் அவசியமான ஓரிருவருக்கு மட்டும், தன் யூஎஸ்பி டாங்கிளோடு வருவதைக் கொடுக்கலாம். அப்போது பெட்டிக்கு அது சாதாரண யூஎஸ்பி ஹெட்செட்டாகவே தெரியும்.

மாட்டிய பிறகு ஒலியே வரவில்லை என்றால் முதலில் மானிட்டரைப் பாருங்கள். ஹெச்டிஎம்ஐ, டிஸ்ப்ளேபோர்ட் வழியாக மாட்டிய மானிட்டரையும் பெட்டி ஓர் ஒலிக்கருவியாக எண்ணும். ஸ்பீக்கரே இல்லாத மானிட்டருக்கு ஒலி போய்க்கொண்டிருக்கும். பெட்டியின் அமைப்பில் ஹெட்செட்டை முதன்மைக் கருவியாக நிலைநிறுத்த வேண்டும். செஷனுக்குள் இருக்கும் அமைப்பை மாற்றிப் பயனில்லை.

நூறு ஹெட்செட்டுக்கு ஆர்டர் கொடுப்பதற்கு முன் இரண்டு வகையில் இரண்டிரண்டு மட்டும் வாங்குங்கள். பாட்டுப் போட்டுப் பார்த்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். பேசிப் பாருங்கள், மறுமுனையில் ஒருவரை உட்கார வைத்துப் பெயர்களையும் எண்களையும் எழுதச் சொல்லுங்கள். அதே நேரம் அதே பெட்டியில் ஒரு வீடியோவை ஓடவிடுங்கள், பெரிய கோப்பு ஒன்றைப் பிரிண்டருக்கு அனுப்புங்கள். காலை பத்து மணிக்கு, எல்லோரும் உள்ளே நுழைந்திருக்கும் நேரத்தில் இதைச் செய்யுங்கள். முக்கியமாக, அதைத் தினமும் தலையில் மாட்டிக்கொண்டு வேலை பார்க்கப் போகிறவரிடம் ஒரு முழு ஷிப்டுக்குக் கொடுத்து, அவர் சொல்வதைக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.